வலது கதவு ஸ்பீக்கர்

இருதயசாமி அண்ணன் யாரையும் நம்பமாட்டார். கொடைக்கானல் டாக்சி ஸ்டாண்டில் சந்தேகப்படாத டிரைவர் என்று ஒருவனைக் காட்டமுடியாது. சீசனுக்கு வருகிற பார்ட்டி எங்களை நம்புவதில்லை, நாங்களும் பார்ட்டியை நம்புவதில்லை. ஆனால் அண்ணனுடைய சந்தேகம் தனி ரகம். பெட்ரோல் போட்டால் குழாய் முனையை மோந்து பார்ப்பார். உருளைக்கிழங்கு மூட்டையில் மேலே கிடக்கிற கிழங்கைத் தொடவே மாட்டார். முழங்கை வரை கையை விட்டு அடியில் இருப்பதைத்தான் எடுத்துப் பார்ப்பார். சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யக்கூட உள்ளூர் மாதா கோயிலுக்குப் போகமாட்டார். சாமியார் குரலைக் கண்டுபிடித்துவிடுவாராம். மலையிறங்கி வத்தலக்குண்டில் போய்ச் செய்துவிட்டு வருவார்.

"அப்பிடி என்னண்ணே பாவம் பண்ணுறீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அத ஒங்கிட்டச் சொல்றதுக்கு நான் இங்கனயே சொல்லியிருப்பேன்ல."

அவர் பெண் பார்த்த கதையும் ஸ்டாண்டில் எல்லோருக்கும் தெரியும். வடகவுஞ்சியில் பெண் என்றதும், பேச்சு முடிவதற்கு முன்னால் பூண்டு வாங்குகிற வியாபாரி மாதிரி தனியாகப் போய், தண்ணீர்க் குடத்தோடு வருகிற பெண்ணின் நடையைப் பார்த்திருக்கிறார். கால் விந்துகிறதோ என்று சந்தேகம். அந்தப் பெண்தான் சூசையம்மாள் மதினி. "பூண்ட மோந்து பாக்காம என் காலப் பாக்குறவன் என்ன வியாபாரின்னு அன்னிக்கே தெரியும் தம்பி" என்று மதினி என்னிடம் சொல்லிச் சிரித்தது உண்டு.

இவ்வளவு சொல்லிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் விட்டால் பாவம். அவர் கை சுத்தம். பார்ட்டியைக் கூட்டிப்போய் விட்டால் லாட்ஜில் கமிஷன் தருவார்கள், சாக்லேட் கடையில் தருவார்கள், சால்வைக் கடையில் தருவார்கள். நாங்கள் எல்லோரும் வாங்கினோம். அண்ணன் தொட்டதில்லை. "சும்மா குடுக்கிறவன் பின்னாடி எதையோ கேக்கத்தான் குடுப்பான்" என்பார். சந்தேகத்தால் யோக்கியமாக இருந்த மனிதரை நான் அவரிடம்தான் பார்த்தேன்.

என் பெயர் வேலுமணி, பழனிக்காரன். அதே ஸ்டாண்டில் வாடகைக்கு எடுத்த அம்பாசடர் ஓட்டிக்கொண்டிருந்தேன். அண்ணனுக்கு அந்தக் கவலை இல்லை. லாட்ஜ் நடத்தும் சேனாதிபதி முதலாளியின் காருக்கு அவர் நிரந்தர டிரைவர். மலேயாவிலிருந்து மாற்றலாகி வந்த ஒரு வெள்ளைக்கார வாத்தியார் கப்பலில் கொண்டுவந்த ஜப்பான் கார் அது. அவர் ஊருக்குத் திரும்பும்போது முதலாளி வாங்கிக்கொண்டார். கம்பெனியிலேயே கேசட் செட் வைத்து வந்த வண்டி. முன் கதவு இரண்டிலும் ஒவ்வொரு ஸ்பீக்கர், வெளியே தெரியாமல் வலைத்தட்டுக்குள் உட்கார்ந்திருக்கும். எங்கள் வண்டிகளில் பாட்டு வேண்டுமென்றால் டேஷ்போர்டுக்குக் கீழே பெட்டியைக் கட்டித் தொங்கவிட வேண்டும். லாட்ஜுக்கு வருகிறவர்கள் "பாட்டுக் கார் இருக்கா?" என்று கேட்டே அதை எடுத்தார்கள். முதலாளி எத்தனையோ தடவை என்னிடம், "இருதயத்துக்கு வயசாவுது வேலுமணி, அப்புறம் நீதான்" என்று சொல்லியிருக்கிறார். அது அண்ணன் காதுக்கும் போயிருந்தது.

எண்பத்து நாலாம் வருஷம் ஐப்பசி மழையில் கதவுக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு இரண்டும் ஊறிப் பூசணம் பிடித்து, பாட்டுப் போட்டால் கிழிந்த முறம் மாதிரி அதிர்ந்தது. புதிதாக ஒரு ஜோடி மாட்டச் சொல்லி முதலாளி உத்தரவு போட்டார். மூஞ்சிக்கல்லில் ரேடியோக் கடை வைத்திருந்த ஞானவேல் பழையதைக் கழற்றிக் காட்டினான்.

"பின்னாடி நாலு ஓம்ஸ்னு போட்டிருக்கு பாருங்கண்ணே. அதே நாலுதான் வாங்கணும். வீட்டு ரேடியோவுக்கு உள்ள எட்டக் குடுப்பான், வாங்கிராதீங்க. சத்தம் அமுங்கிப்போகும்."

"இத நீயே வாங்கித் தர்றேன்னு ஏன் சொல்லல?" என்று அண்ணன் கேட்டார்.

"வாங்கித் தந்தா என்னய நம்புவீங்களா?"

அண்ணன் பழைய ஸ்பீக்கரை அட்டைமேல் வைத்துக் கோடு போட்டார். கதவுத் துளைக்கு ஏற்ற அட்டையை வெட்டி எடுத்துக்கொண்டார்.

மதுரைக்கு ஒரு பார்ட்டியை விடப் போன அன்றைக்கு என்னையும் துணைக்குக் கூட்டிப்போனார். துணை என்றால், கடைக்காரன் ஏமாற்றினால் சாட்சிக்கு. டவுன் ஹால் ரோட்டில் ஒரு கடையில் நுழைந்தோம். அண்ணன் சட்டைப் பையிலிருந்து டார்ச் பேட்டரி ஒன்றை எடுத்தார், இரண்டு துண்டு வயரை எடுத்தார், ஒரு ஆணியை எடுத்தார். கடைக்காரர் முகம் அப்போதே சுருங்கிவிட்டது. ஸ்பீக்கரின் முதுகில் பேட்டரியைத் தொட்டுத் தொட்டுக் கூம்பு துள்ளுகிறதா என்று பார்த்தார். காந்தத்தில் ஆணியை ஒட்டவைத்துப் பிடுங்கிப் பார்த்தார். நாலு என்று போட்டிருந்த சீட்டை நகத்தால் சுரண்டினார், அடியில் எட்டு ஒளிந்திருக்கிறதா என்று.

"கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்குறீங்களா, ஸ்பீக்கர் பாக்குறீங்களா?" என்றார் கடைக்காரர்.

"பொண்ண இம்புட்டுப் பாக்கலய்யா" என்றார் அண்ணன். அது பொய்.

பிறகு பாட்டுப் போட்டுக் காட்டச் சொன்னார். மேசையின் இரு பக்கமும் ஸ்பீக்கரை வைத்து, நடுவில் அண்ணன் நின்றார். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "வலது பக்கத்துது மட்டம்" என்றார். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் கேட்டன. கடைக்காரர் இரண்டையும் இடம் மாற்றி வைத்தார். அண்ணன் மறுபடி நின்று கேட்டார். இப்போதும் வலது பக்கத்தில் இருப்பதுதான் மட்டம் என்றார்.

"இப்பத்தானய்யா அத நல்லாருக்குன்னீங்க?"

அண்ணன் குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தார். நிமிர்ந்து என் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். "காலுக்கடியில ஸ்விட்ச் வச்சிருக்கான்லே. நல்லது எதுன்னு நாம கண்டுபிடிச்சதும் அத அமுக்கிருறான்" என்றார். அடுத்த கடையிலும் வலது பக்கம்தான் மட்டம். மூன்றாவது கடையிலும் அப்படியே. "இந்தத் தெருவே ஒரே கூட்டு" என்று முடிவு கட்டி, அந்த மூன்றாவது கடையிலேயே ஒரு ஜோடியை வாங்கினார். மூன்று கடைக்காரனும் காலுக்கடியில் ஸ்விட்ச் வைத்திருக்கமாட்டான் என்பதுவரை எனக்குப் புரிந்தது. அதற்கு மேல் யோசிக்கப் பயமாக இருந்தது.

ஏன் பயம் என்று மலைக்கு வெளியே இருக்கிறவர்களுக்குச் சொல்லவேண்டும். எங்கள் பாதையில் வளைவுக்கு முன்னால் ஹாரன் அடித்துவிட்டுக் காது கொடுக்கவேண்டும். எதிரே பதில் ஹாரன் வந்தால் வேகத்தைக் குறைத்து ஒதுங்கித்தான் கடக்கவேண்டும். மேகம் இறங்கிவிட்டால் கண்ணுக்கு வேலையே கிடையாது. லைட் போட்டால் வெள்ளைச் சுவர்தான் தெரியும். அப்போது டிரைவருக்குக் காதுதான் எல்லாம், அதிலும் ஜன்னல் பக்கத்துக் காது.

அன்று சாயங்காலம் டம் டம் பாறையைத் தாண்டும்போது மேகம். ஒரு வலது வளைவு வந்தது. அண்ணன் ஹாரன் அடித்தார், காது கொடுத்தார், கியரை மாற்றினார். மேலே லாரி ஹாரன் அடித்தது. மறுபடியும் ஒருமுறை அடித்தது. அண்ணன் கால் ஆக்சிலேட்டரில்தான் இருந்தது.

"லாரி வருதுண்ணே."

பிரேக்கை மிதித்தார். வெள்ளைக்குள்ளிருந்து லாரி வந்து, எங்கள் கண்ணாடியை உரசாத குறையாக இறங்கிப்போனது.

"ஹாரனே அடிக்காம வாரான் பாரு, களவாணிப்பய" என்றார் அண்ணன்.

"அடிச்சான்ணே. ரெண்டு வாட்டி."

"நீ எதுக்குலே அவனுக்கு வக்காலத்து வாங்குற?"

மறுநாள் வெள்ளனே ஞானவேல் கடையில் ஸ்பீக்கர் மாட்டினான். அண்ணன் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பாட்டுப் போட்டார். வலது கதவு மந்தம் என்றார். ஞானவேல் கதவைப் பிரித்து இரண்டு ஸ்பீக்கரையும் இடம் மாற்றினான். அப்போதும் வலது கதவு மந்தம். செட்டுக்குப் பின்னால் வயரை மாற்றினான். அப்போதும் வலது கதவுதான். "செட்டுல இருந்து எதையோ உருவிட்ட" என்றார் அண்ணன். ஞானவேல் நல்ல பொறுமைசாலி. அவனுக்கே பொறுமை போனது.

"அண்ணே, ஒண்ணு செய்ங்க. சீட்டுல பின்பக்கம் பாத்துத் திரும்பி உக்காருங்க. நான் வண்டியத் தொடல."

அவன் பத்தடி தள்ளிப்போய் டீ கிளாசை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான். அண்ணன் சந்தேகத்தோடு அவனைப் பார்த்துக்கொண்டே சீட்டில் முழங்கால் போட்டுத் திரும்பினார். இப்போது அவருடைய இடது காது வலது கதவைப் பார்த்து இருந்தது. பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான். வலது கதவைப் பார்த்தார். இடது கதவைப் பார்த்தார். திரும்பவும் முன்பக்கம் பார்த்து உட்கார்ந்தார், திரும்பவும் பின்பக்கம். ஞானவேலின் கையைப் பார்த்தார். அது கிளாசில்தான் இருந்தது. பிறகு வலது உள்ளங்கையால் வலது காதைப் பொத்தினார். எடுத்தார். பொத்தினார். எடுத்தார். பொத்தினாலும் எடுத்தாலும் ஒன்றுதான் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. பாட்டை நிறுத்தினார்.

இத்தனை நாள் யாருக்கும் தெரியாமல் போனதற்குக் காரணம் அந்தச் சீட்டுதான். டிரைவருக்கு இடது பக்கத்தில்தான் ஆள் உட்காரும். பேச்சு முழுக்க இடது காதுக்கே வரும். இருபது வருஷம் மலைக்காற்று அடித்தது வலது காதில். அது எப்போது போனது என்று அவருக்கே தெரியாது.

வண்டியை விட்டு இறங்கியதும் அவர் சொன்ன முதல் பேச்சு இதுதான்: "ஒங்க ரெண்டு பேரத் தவிர யாருக்கும் தெரியாது. வெளிய வந்தா யாரு சொன்னதுன்னு எனக்குத் தெரியும்." ஞானவேலைப் பார்த்துச் சொல்லவில்லை, என்னைப் பார்த்துத்தான் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அந்தச் சீட்டு அடுத்து எனக்குத்தான் என்று முதலாளி சொல்லியிருக்கும்போது, நான் அவர் இடத்தில் இருந்தாலும் என்னைத்தான் பார்த்திருப்பேன்.

வத்தலக்குண்டில் டாக்டரிடம் காட்டிவிட்டு வந்தார். நரம்பு செத்துவிட்டது, இனித் திரும்பாது என்றாராம் டாக்டர். "ஆபரேஷன் பண்ணணும்னு சொல்லியிருந்தான்னா ஏமாத்துறான்னு விட்டுட்டு வந்திருப்பேன். ஒண்ணும் பண்ண முடியாதுன்னுட்டான்லே. அதான் நம்ப வேண்டியதாப் போச்சு" என்றார்.

ஓட்டுவதை அவர் விடவில்லை. ஜன்னலை முழுக்க இறக்கிவிட்டு, தலையைத் திருப்பித் திருப்பி வளைவுகளில் நிறுத்தி நிறுத்தி ஓட்டினார். பார்ட்டி குளிரில் நடுங்கியது. ஒருநாள் சூசையம்மாள் மதினி என்னைச் சந்தையில் பிடித்து ஓரமாகக் கூட்டிப்போனது.

"தம்பி, மறைக்காமச் சொல்லுங்க. கீழ வத்தலக்குண்டுல யாரும் இருக்காளா?"

"எதுக்கு மதினி?"

"ராத்திரி படுத்துக்கிட்டு நான் பேசுனா பதிலே இல்ல. இடது பக்கம் ஒருச்சாச்சுப் படுத்தா சொவத்துக்கிட்டப் பேசுற மாதிரி கெடக்கு. அடிக்கடி வத்தலக்குண்டுக்கு வேற போயிட்டு வாராரு."

எனக்கு எல்லாம் தெரியும், எதையும் சொல்லமுடியாது. "அப்பிடியெல்லாம் ஒண்ணும் இல்ல மதினி" என்றேன். நான் முழுங்கியதைப் பார்த்து மதினி சந்தேகத்தை உறுதிசெய்துகொண்டு போனது.

கடைசியில் காட்டிக்கொடுத்தது நானும் இல்லை, ஞானவேலும் இல்லை. செட்டில் ஒரு திருகு இருக்கும், சத்தத்தை இடம் வலமாகப் பிரித்துவிட. இரண்டு பக்கமும் ஒன்றாகக் கேட்கவேண்டும் என்று அண்ணன் அதை வலது பக்கமாகவே திருகி வைத்திருந்தார். அவருக்குச் சமமாக இருந்தது. பின்னால் உட்கார்ந்தவர்களுக்கு ஒரு கதவு அலறியது, மற்றது ஊமை. கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் லாட்ஜில் போய், "புது ஸ்பீக்கருன்னீங்க, ஒண்ணு வேலையே செய்யலயே" என்று சொல்லிவிட்டார். அடுத்த பார்ட்டியும் அதையே சொன்னது.

மார்கழி மாதம் ஒரு காலை. கொடை ரோடு ஸ்டேஷனுக்குப் போகவேண்டிய ஒரு குடும்பம் பெட்டியோடு லாட்ஜ் வாசலில் நின்றது, கைக்குழந்தை ஒன்றோடு. ஏரி தெரியாத அளவுக்கு மேகம். நானும் வேறு பார்ட்டிக்காக அங்கே நின்றிருந்தேன். சேனாதிபதி முதலாளி எல்லோர் முன்னாலும் கேட்டார்.

"ஏன் இருதயம், மட்டமான ஸ்பீக்கர வாங்கி மாட்டிட்டு மதுரையில எவ்வளவு கமிஷன் அடிச்ச?"

அண்ணன் முகம் செத்துவிட்டது. வாழ்நாள் முழுக்க ஊரைக் கேட்ட கேள்வியை அன்றைக்கு ஊர் அவரைக் கேட்டது. ஆமாம், அடித்தேன் என்றால் திருட்டுப்பட்டம். ஆனால் சீட்டு இருக்கும், இதற்காக முதலாளி வேலையை விட்டு எடுக்கமாட்டார். உண்மையைச் சொன்னால் பெயர் தப்பும், சீட்டு போகும். அவர் வாசலில் நின்ற குடும்பத்தைப் பார்த்தார். பிறகு முதலாளியைப் பார்த்தார்.

"ஸ்பீக்கர் நல்ல ஸ்பீக்கருங்க மொதலாளி. எனக்குத்தான் வலது காது கேக்கல."

முதலாளி சிரித்தார். "நான் பேசுறது கேக்குது, நீ பதில் சொல்ற. காது கேக்கலயாம்."

"இடது காது கேக்குதுங்க. ஞானவேலக் கேட்டுப் பாருங்க."

"அவனும் கூட்டுத்தானப்பா. இத்தன நாளா மலையில ஏறி எறங்குற, ஸ்பீக்கர்னு வந்தப்பறந்தான் காது போச்சா? சரி, விட்டுத் தொலை. அடிச்சது அடிச்சதா இருக்கட்டும். ரயிலுக்கு நேரமாச்சு, வெரசா வண்டிய எடு."

நான் அண்ணனைப் பார்த்தேன். உண்மையைச் சொல்லியும் சீட்டு போகவில்லை. சொல்லவேண்டியதைச் சொல்லியாகிவிட்டது, நம்பாதது முதலாளி. இனிமேல் ஓட்டினால் யார் அவரைக் குறை சொல்லமுடியும்? வேறு யாராக இருந்தாலும் சாவியைத் திருகியிருப்பான். நானும்தான்.

"நீங்க நம்பாதது தப்பில்லங்க" என்றார் அண்ணன். "நானா இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். ஆனா ஊர்ல ஒருத்தனையும் நம்பாதவன் நான், இந்தக் காத மட்டும் எப்பிடிங்க நம்பிப் பிள்ளையோட சனத்த ஏத்துறது? ஓட்ட மாட்டேன்."

"அப்ப சாவிய வச்சிட்டுப் போ. களவாண்டுட்டுத்தான் போனான்னு ஊரெல்லாம் சொல்லுவேன்."

"சொல்லிக்கங்க."

சாவியை முதலாளி கையில் கொடுக்கவில்லை. நேரே என்னிடம் வந்தார்.

"திரும்பி நில்லுலே. இடது காதப் பொத்து."

பொத்தினேன். பின்னால் சாவிக்கொத்து கிணுகிணுத்தது.

"கேக்குதா?"

"கேக்குதுண்ணே."

"இப்ப அடுத்த காதப் பொத்து."

பொத்திக்கொண்டு நின்றேன். பெட்டியோடு நின்ற குடும்பம் எங்களை வேடிக்கை பார்த்தது. எனக்குச் சத்தமே வரவில்லை. என் காதும் போய்விட்டதோ என்று பயந்துவிட்டேன்.

"கேக்குதா?"

"கேக்கலண்ணே" என்றேன்.

"நான் ஆட்டவே இல்ல. சீட்டுக்கு ஆசப்பட்டுப் பொய் சொல்றியான்னு பாத்தேன்." பிறகு ஆட்டினார். கேட்டது. சாவியை என் கையில் வைத்து, விரல்களை அவரே மடக்கிவிட்டார்.

மப்ளரைச் சுற்றிக்கொண்டு மேகத்துக்குள் நடந்து போனார். முதலாளி என்னை ஒரு நிமிஷம் பார்த்தார், என் கையில் இருந்த சாவியைப் பார்த்தார். என்ன தோன்றியதோ, வாசல்படி இறங்கி, "இருதயம்! ஏப்பா இருதயம்!" என்று கூப்பிட்டார். அண்ணன் திரும்பவில்லை. அது அவர் காதில் விழவில்லையா, விழுந்தும் போனாரா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம்தான்.